ஐந்தாவது முடிந்தது, ஆறாவதில் எங்கே, எந்த வகுப்பில்?

(ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் மே மாதம் நடந்த பெற்றோர் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இரவு ஷிப்டுக்குப் போகவேண்டிய தோழர்கள் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்துக் கிராமங்களிலிருந்து களையெடுப்பு முடிந்து, சேற்றுக் காலைக்கூடக் கழுவாமல் தாய்மார்கள் வந்திருக்கிறார்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

கூலி, போனஸ் என்றால் பேச நமக்குப் பழக்கம் உண்டு. இன்றைக்குப் பேசப் போவது பத்து வயதுப் பிள்ளையைப் பற்றி. இந்தக் குடியிருப்பிலும் சுற்றுக் கிராமங்களிலும் இந்த வருஷம் ஐந்தாவது முடித்த பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். அதற்குள் இந்தப் பிள்ளைகளை ஆறாவதில் சேர்த்தாக வேண்டும். ஐந்தாவது வரையில் கேள்வியே இல்லை. தெருக்கோடியில் தொடக்கப்பள்ளி, ஒரு வாத்தியார், அல்லது டீச்சரம்மா, எல்லாப் பாடமும் அவரே. ஆறாவதில் அப்படியல்ல. எந்தப் பள்ளி, தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா, எந்தச் செக்‌ஷன் என்று வரிசையாகக் கேட்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? "நீங்களே பார்த்துப் போடுங்க, சார்" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஷிப்டுக்கு ஓடுகிறோம். அந்தக் கையெழுத்து பிள்ளையை ஏழெட்டு வருஷத்துக்குப் பின்தொடர்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை.

சேர்ப்பதா, நிறுத்துவதா என்ற கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். இது இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. இல்லையென்று யாரும் மறைக்க வேண்டாம்.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் தங்கை 1992-ல் ஐந்தாவது முடித்தாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. எங்கள் ஊரில் ஐந்தாவதோடு பள்ளி முடிந்துவிடும். ஹைஸ்கூல் ஐந்து கிலோமீட்டர். நான் பையன், நடந்து போனேன். "பொட்டைப் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?" என்றார் அப்பா. அம்மா பேசவில்லை. நானும் பேசவில்லை, பன்னிரண்டு வயதில் எனக்கு என்ன தெரியும்? அவள் ஆடு மேய்த்தாள், களையெடுத்தாள், பதினைந்து வயதில் ஒரு நூற்பாலைக்குப் போனாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இன்று இழுப்பு. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன், அவள் ஐந்தாவதோடு நின்றாள். இன்றைக்கும் பி.எஃப். சீட்டு வந்தால் என்னிடம் எடுத்துக்கொண்டு வந்து, "இதில் எவ்வளவுண்ணா போட்டிருக்கு?" என்று கேட்கிறாள். ஒவ்வொரு தடவையும் அதைப் படித்துச் சொல்லும்போது எனக்கு அப்பா ஞாபகம் வருகிறது. அவர் கெட்டவரல்ல. அவருக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

இன்று நிலைமை அப்படியே இல்லை. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. அதன்படி 6 முதல் 14 வயது வரை, அதாவது எட்டாவது வரைக்கும், இலவசமாகப் படிப்பது பிள்ளையின் உரிமை. யாருடைய தயவும் அல்ல. ஐந்தாவது என்பது முடிவல்ல. சட்டத்தின் கண்ணில் அது பாதி வழி.

இந்தப் பாதி வழியில் ஒரு கேட்டைப் போட்டு ஏழைப் பிள்ளையை நிறுத்தப் பார்த்த கதை புதிதல்ல. 1953-ல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் மட்டும் படிப்பு. மிச்ச நேரம் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார்கள். வண்ணான் பிள்ளை வெளுக்க வேண்டும், பண்ணையாள் பிள்ளை மாடு மேய்க்க வேண்டும். குலக் கல்வி என்று பெயர் வைத்து நாடே எதிர்த்தது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜ் வந்ததும் திட்டத்தைக் கைவிட்டார். அது பழைய கதை என்றால் புதிய கதையும் இருக்கிறது. 2019-ல் ஐந்தாவதுக்கும் எட்டாவதுக்கும் பொதுத் தேர்வு என்று அறிவித்தார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அரசாங்கப் பரீட்சை! ஆசிரியர்களும் பெற்றோரும் கண்டித்த பிறகு 2020 பிப்ரவரியில் அது ரத்தானது. கேட்டு போடுகிறவர்கள் எப்போதும் "தரம்" என்ற வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். கேட்டுக்கு வெளியே நிற்பது யார் பிள்ளை என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

சரி, சேர்ப்பது என்று ஆகிவிட்டது. எங்கே?

இங்கேதான் நம்மில் பலர் இடறுகிறோம். ஐந்தாவது வரை சர்க்கார் பள்ளி போதும்; ஆறாவதிலிருந்து "நல்ல பள்ளி", அதாவது பீஸ் வாங்கும் பள்ளி என்று ஒரு எண்ணம். டை கட்டி, ஷூ போட்டு, வேனில் ஏறிப் போனால் பிள்ளை பெரிய ஆளாகிவிடும் என்று நினைக்கிறோம். அந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. நாற்பது வருஷம் மற்றவன் கட்டளைக்குத் தலையாட்டிய மனிதன், தன் பிள்ளையாவது இங்கிலீஷில் பதில் சொல்லட்டும் என்று ஆசைப்படுவதில் என்ன தப்பு?

ஆனால் நடந்ததைக் கேளுங்கள். நம் தோழர் ஒருவர், பெயர் வேண்டாம். மகன் ஐந்தாவது வரை தமிழில் படித்தவன். வகுப்பில் வாத்தியாரையே கேள்வி கேட்கிற பையன். தோழர் மனைவியின் தோட்டை அடகு வைத்து, பற்றாக்குறைக்கு வட்டிக்கு வாங்கி, ஆறாவதில் ஒரு தனியார் இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தார். முதல் மாதத்திலேயே பையன் வாயடைத்துப்போனான். பாடம் புரியவில்லை, புரியவில்லை என்று சொல்லவும் அந்த மொழி தெரியவில்லை. ராத்திரி உட்கார்ந்து அர்த்தம் தெரியாமல் பக்கம் பக்கமாக உருப்போட்டான். தகப்பன் உதவலாமென்றால் புத்தகம் இங்கிலீஷில். டியூஷன் வைத்தார்கள், அதற்கும் பணம். வருஷ முடிவில் பீஸ் பாக்கி நின்றது. பையனை வெளியே எடுத்து நம்முடைய ஹைஸ்கூலில் ஏழாவது சேர்க்கப் போனால், பாக்கி கட்டினால்தான் டி.சி. என்றார்கள்.

இந்த இடத்தில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், நினைவில் வையுங்கள். சர்க்கார் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாற்றிக்கொள்ளும் பிள்ளைக்கு டி.சி. உடனே கொடுக்க வேண்டும். டி.சி. வரவில்லை என்பதற்காக எட்டாவது வரை எந்தப் பிள்ளையையும் சேர்க்க மறுக்க முடியாது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும், கட்டண பாக்கியைக் காட்டி டி.சி.யைப் பிடித்து வைக்கக்கூடாது, அதில் பாக்கி என்று எழுதவும் கூடாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்தப் பையனை நாங்கள் நாலு பேர் கூடப் போய்ச் சேர்த்தோம். இன்று நன்றாகவே படிக்கிறான்.

ஆனால் ஒரு நஷ்டம் நஷ்டமாகவே நின்றுவிட்டது. அது என்ன?

2020-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் செய்தார்கள். நீட் வந்தபிறகு சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் டாக்டர் படிப்பில் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டார்கள் அல்லவா? அதற்காக மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. முதல் வருஷத்திலேயே 300-க்கு மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் கிடைத்தன. 2021-ல் இன்ஜினீயரிங், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது விரிவாக்கப்பட்டது. நிபந்தனை என்ன தெரியுமா? ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை சர்க்கார் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். ஆறாவது முதல்! மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதில் அடக்கம். உதவி பெறும் தனியார் பள்ளி அடக்கமில்லை. இருபத்தைந்து சதவீத இலவச இடத்தில் எட்டாவது வரை தனியாரில் படித்து, ஒன்பதாவது முதல் சர்க்கார் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. பீஸ் கட்டிப் படித்தவனுக்கு இல்லை. தோட்டை அடகு வைத்துப் படித்த அந்த ஒரு வருஷம் அந்தப் பையனுக்கு இந்தக் கதவை அடைத்துவிட்டது.

இன்னொன்று. கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இவற்றுக்கும் அதே கணக்குத்தான்: ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை சர்க்கார் பள்ளி. பிறகு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். கவனியுங்கள், உதவி பெறும் பள்ளியென்றால் தமிழ் வழி. விதிகளைப் பின்னால் மாற்றவும் கூடும். ஆகவே சேர்க்கும் அன்றே ஹெட்மாஸ்டரிடம் இந்த மூன்றையும் பேர் சொல்லிக் கேளுங்கள். பன்னிரண்டாவது முடிந்து கேட்டால் அப்போது அழத்தான் முடியும்.

இனி, தமிழா இங்கிலீஷா என்ற விஷயம். இதில் எனக்கும் நம் தோழர்கள் சிலருக்கும் வாக்குவாதமே நடந்திருக்கிறது.

சர்க்கார் பள்ளிகளிலேயே இங்கிலீஷ் மீடியம் வகுப்புகள் 2012-13 முதல் வந்துவிட்டன. ஒன்றாவதிலும் ஆறாவதிலும் தொடங்கினார்கள். ஆகவே பீஸ் இல்லாமலே இங்கிலீஷ் மீடியத்தில் போடலாம். புத்தகத்தில் இருக்கும் விஷயம் ஒன்றுதான், மொழிதான் வேறு. ஒன்றாவதிலிருந்தே இங்கிலீஷ் வழியில் வந்த பிள்ளை அதிலேயே தொடரட்டும், நடுவில் பிடுங்கி நடவேண்டாம். ஆனால் ஐந்து வருஷம் தமிழில் படித்த பிள்ளையை ஆறாவதில் திடீரென்று மாற்றுவதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

ஏன் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆறாவது கணக்கில் விகிதம், விகிதசமம் என்று ஒரு பாடம் வருகிறது. ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் தோழர்களே, உங்களுக்கு அது தெரியாதா? 40-ம் நம்பர் நூல் என்றால் என்ன? 840 கஜம் ஒரு சிட்டம்; அப்படி 40 சிட்டம் சேர்ந்தால் ஒரு ராத்தல். 80-ம் நம்பர் என்றால் அதே ராத்தலில் 80 சிட்டம். நூல் அவ்வளவு சன்னம். இது விகிதம்தானே? தஞ்சைப் பக்கத்து விவசாயத் தொழிலாளியைக் கேளுங்கள்: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்று தூக்கத்தில் சொல்வார். பிள்ளை ராத்திரி புத்தகத்தைத் தமிழில் வாய்விட்டுப் படித்தால், படிக்காத தகப்பனும் "அட, இது நம்ம கவுண்ட் கணக்கு" என்று சொல்லிக் கொடுத்துவிடுவான். அதையே 'ரேஷியோ அண்ட் புரொபோர்ஷன்' என்று படித்தால் தகப்பன் வாயை மூடிக்கொண்டு வெளித் திண்ணைக்குப் போய்விடுவான். முப்பது வருஷ அனுபவம் அந்தப் பிள்ளைக்குப் பயன்படாமல் வீணாகிறது.

"அப்படியானால் இங்கிலீஷ் வேண்டாமா?" என்று ஒரு தாய் போன வாரம் என்னிடம் சண்டைக்கு வந்தார். கட்டாயம் வேண்டும். இங்கிலீஷைப் பாடமாக நன்றாகப் படிக்க வேண்டும். நானே அது வராமல் எத்தனையோ இடத்தில் தலைகுனிந்திருக்கிறேன். ஆனால் இங்கிலீஷ் கற்பது ஒன்று, விஞ்ஞானத்தையும் சரித்திரத்தையும் புரியாத மொழியில் உருப்போடுவது வேறு. தவிர, 2010-ம் வருஷச் சட்டப்படி மாநில அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அதற்கும் பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழியாக இருக்க வேண்டும். நடுவில் மாறியவர் கேட்க முடியாது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைத்துப் பேசினால் நியாயமல்ல. சில பள்ளிகளில் இங்கிலீஷ் செக்‌ஷனுக்கு வாத்தியார் இருக்கிறார். தமிழ் செக்‌ஷன் பாதி நாள் காலியாகக் கிடக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகளை இங்கிலீஷில் போட்டு, மிச்சத்தைத் தமிழில் தள்ளும் வழக்கமும் அங்கங்கே நடக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் "தமிழில் போடு" என்று நான் சொன்னால் பிள்ளையைக் காலி வகுப்பில் உட்கார வைத்தவனாவேன். அங்கே செய்ய வேண்டியது தமிழ் செக்‌ஷனுக்கு வாத்தியார் கேட்பது. அது கிடைக்கும் வரையில் எந்த அறையில் பாடம் நடக்கிறதோ அந்த அறைதான் நல்ல அறை என்று ஒரு தகப்பன் முடிவு செய்தால் நான் குறை சொல்லமாட்டேன்.

வாத்தியார் கேட்பதற்கு நமக்கு அதிகாரம் உண்டா? உண்டு. ஆறாவது முதல் எட்டாவது வரை கணக்கு-விஞ்ஞானம், சமூகப் பாடம், மொழி இந்த மூன்றுக்கும் ஆளுக்கு ஒரு ஆசிரியராவது இருக்க வேண்டும். 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். வருஷத்தில் 220 நாள் பள்ளி நடக்க வேண்டும். 100 பிள்ளைக்கு மேல் இருந்தால் ஓவியம், உடற்பயிற்சி, தொழிற்கல்வி இவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்கள். எல்லாம் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் அச்சடித்திருக்கிறது. 2012-ல் 16,000-க்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களைச் சொற்பச் சம்பளத்தில் நியமித்தார்கள். நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓவியம், விளையாட்டு எல்லாம் பணக்காரப் பிள்ளையின் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். படிப்பு ஏறாத எத்தனையோ பையன்களைப் பள்ளியில் கட்டிப்போட்டு வைத்தது கபடி மைதானம்தான்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். நம்மவர்கள் அதில் பேர் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போவதில்லை. சங்கக் கூட்டத்துக்கு வராத ஆளை நாம் எப்படித் திட்டுவோம்? அதே திட்டை இங்கேயும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். ஐந்தாவது முடித்தும் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த காலத்தில் தொடக்க வகுப்புகளில் இருந்த பிள்ளைகளுக்கு இது அதிகம். 2025-26-ல் ஆறாவது முதலான வகுப்புகளில் 'திறன்' என்ற பெயரில், எழுத்தும் அடிப்படைக் கணக்கும் வராத பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். அந்தப் பட்டியலில் பிள்ளை பேர் வந்ததும் ஒரு தகப்பன் போய்ச் சண்டை போட்டுப் பேரை அடித்துவிட்டு வந்தார். "என் பையனை மக்குன்னு சொல்றாங்க" என்றார். தோழரே, புது மெஷினில் போடும்போது உங்களுக்குப் பயிற்சி வேண்டுமென்று நீங்களே கேட்கவில்லையா? அது அவமானமா? எழுத்து வராத பிள்ளையை எழுத்து வந்ததாகப் பாவித்து ஏழாவது, எட்டாவது என்று தள்ளிக்கொண்டே போவதுதான் அநியாயம். அப்படித் தள்ளப்பட்ட பிள்ளைதான் பதினாலு வயதில் தானாக நின்று, மில் கேம்ப் ஆள்பிடிக்கும் புரோக்கரிடம் போய்ச் சேருகிறது. இதை நாம் நேரில் பார்த்தவர்கள்.

சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஆறாவது சேர்க்க எந்தப் பள்ளியாவது நுழைவுப் பரீட்சை வைத்தால், எட்டாவது வரை அது சட்ட விரோதம். முதல் தடவைக்கே 25,000 ரூபாய் வரை அபராதம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காலைச் சிற்றுண்டி 2022-ல் தொடங்கியபோது ஐந்தாவது வரைக்கும் என்றே வைத்தார்கள். அந்த வரம்பு இருக்கும்வரை ஆறாவது போகும் பிள்ளைக்குக் காலைச் சாப்பாடு வீட்டில்தான். முதல் ஷிப்டுக்குப் போகும் தாய்மார்கள் ராத்திரியே யோசித்து வையுங்கள். வெறும் வயிற்றோடு மத்தியானம் வரை உட்காரும் பிள்ளை எந்த மீடியத்திலும் படிக்காது. எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்ற பரீட்சை உண்டு. தேறினால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். இதுவும் சர்க்கார் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும்தான்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மோடு ஒரே லைனில் நிற்கும் தோழர்களின் பிள்ளைகளும் இந்தக் குடியிருப்பில் இருக்கிறார்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பதே சட்டம். பிறப்புச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது. அவர்களுக்கு இதையெல்லாம் யார் சொல்வார்கள்? அடுத்த ரூமில் இருக்கிற நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை. கிராமத்திலிருந்து வந்திருக்கும் தாய்மார்களில் மூன்று பேர், மகளை ஆறாவது அனுப்ப யோசிப்பதாகக் கூட்டத்துக்கு முன்னால் என்னிடம் சொன்னார்கள். காரணம் அதே பழைய காரணம்: தூரம், துணையில்லை. சட்டப்படி நடுநிலை வகுப்பு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், இவர்களுக்கு நாலரை. பஸ் பாஸ் உண்டு. காலை பஸ்தான் பள்ளி நேரத்துக்கு வருவதில்லை. ஆகவே திங்கட்கிழமை காலை பஸ் டெப்போவுக்கு மனு கொடுக்கப் போகிறோம். அதுவரைக்கும் மூன்று பெண்களும் ஒன்றாகப் போகட்டும். அந்த வழியாக சைக்கிளில் ஷிப்டுக்கு வரும் இரண்டு தோழர்கள் கூட வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். டி.சி., சாதிச் சான்றுக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க அந்தத் திண்ணையில் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். பேனாவும் காகிதமும் இருக்கிறது. இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பிறகு வாருங்கள்.